ஆட்டுக்கறி, குதிரைக்கறி, டிஎன்ஏ மற்றும் சில வாய்கள்

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை யாராவது ஒரு நண்பர் எனக்கு ஒரு வீடியோ அனுப்புவார். ஒரு அண்டா, அதுல ஒரு எலும்பு, பின்னணியில ஒரு பதறுற குரல். "இது ஆடு இல்ல சார், நல்லா பாருங்க!" நானும் நல்லா பார்ப்பேன். எலும்பு தெரியும். என்ன எலும்புன்னு தெரியாது. அனுப்பினவருக்கும் தெரியாது, வீடியோ எடுத்தவருக்கும் தெரியாது. ஆனா எங்க மூணு பேர்ல ரெண்டு பேருக்கு சந்தேகமே கிடையாது :-)

இப்ப புதுசா இன்னொரு கோஷ்டி கிளம்பியிருக்கு. "டிஎன்ஏ டெஸ்ட்டை வீட்டுலயே பண்ணலாமாமே? ஒரு மெஷினை வாங்கிப் போட்டா ஊர்ல இருக்குற பிரியாணிக் கடை வண்டவாளத்தை எல்லாம் தண்டவாளத்துல ஏத்திடலாமே" என்று கண் மின்னக் கேட்கிறவர்கள். இந்தப் பதிவு அவங்களுக்கு. எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டு, "இதெல்லாம் பெரிய லேப் சமாச்சாரம், உனக்கெதுக்குய்யா" என்று சொல்ற படிச்ச மேதாவிகளுக்கும் சேர்த்துத்தான்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். கறியில டிஎன்ஏ பார்க்கிற வித்தை சாதாரண ஆள் கைக்கு வரணும். கண்டிப்பா வரணும். ஆனா அது "நான் காசு கொடுத்து வாங்கினது என்ன?" என்று கேட்கறதுக்கு. "நீ என்ன திங்கிறே?" என்று கேட்கறதுக்கு இல்லை. மெஷின் ஒண்ணுதான், கேள்விதான் வேற. அந்த வித்தியாசம் புரியாதவன் கையில மெஷின் கிடைச்சா, குரங்கு கையில பூமாலை இல்லைங்க, குரங்கு கையில அரிவாள்.

எழும்பூர்க் கதை

2018 நவம்பர் 17 ஞாபகம் இருக்கா? ஜோத்பூர்லேர்ந்து வந்த ரயில்ல, சென்னை எழும்பூர்ல 2,000 கிலோவுக்கு மேல கறி பிடிபட்டது. தோல் உரிச்ச உடல்கள். வால் நீளமா இருக்குன்னு யாரோ சொன்னாங்க. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள அது "நாய்க்கறி" ஆயிடுச்சு. "நாய்க்கறியாக இருக்கலாம் என சந்தேகம்" என்று எழுதின பத்திரிகையில கூட "நாய்க்கறி" பெரிய எழுத்துல, "சந்தேகம்" சின்ன எழுத்துல.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சாமிகளா. 2,000 கிலோமீட்டருக்கு மேல, ரயில் கூலி கொடுத்து, ராஜஸ்தான்லேர்ந்து நாயை இறக்குமதி பண்ற அளவுக்கா நம்ம ஊர்த் தெருவுல நாய்க்குப் பஞ்சம்? ராத்திரி பதினோரு மணிக்கு பைக்ல வீடு திரும்புற எந்தச் சென்னைவாசியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வான். ஆனா அன்னிக்கு யாரும் கேட்கலை.

மாதிரியை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினாங்க. ஒரு வாரத்துக்குள்ள முடிவு வந்தது. ஆட்டுக்கறி. நாய் இல்லை. ஆனா அந்த ஒரு வாரத்துல நடந்தது என்ன? எங்க தெருமுனையில பிரியாணி போடுற பாய், வழக்கமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் அண்டாவைக் கவுத்துடுவார். அந்த ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கும் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டு இருந்தார். "மட்டன் வேணாம், குஸ்கா மட்டும் கொடுங்க பாய்" என்று கேட்டவர்களைக் கூட நான் மன்னிச்சுடுவேன். "பாய், நீங்க எங்கேர்ந்து கறி எடுக்கறீங்க?" என்று சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க பாருங்க, அவங்களைத்தான் என்னால மன்னிக்க முடியலை. பத்து வருஷமா அவர் கையால சாப்பிட்ட ஆளுங்க.

லேப் முடிவு வந்ததும் அந்த ஆளுங்க யாராவது போய் "தப்பா நினைச்சுட்டோம் பாய்" என்று சொன்னாங்களா? ஹிஹி. அதுக்குள்ள வேற வீடியோ வந்துடுச்சே.

இதுல ஒரு வேடிக்கை. கேட்க வேண்டிய ஒரு நல்ல கேள்வியும் அங்கே இருந்தது. அத்தனை தூரம் ரயில்ல வர்ற கறி எந்தக் குளிர்ச்சியில வருது, எத்தனை மணி நேரம் பிளாட்பாரத்துல கிடக்குது, யார் முத்திரை குத்தினது? வயித்துக்குக் கெடுதல் அங்கேதான். அந்தக் கேள்வியை நாய் கவ்விக்கிட்டுப் போயிடுச்சு. விவேக் 2002ல "ரன்" படத்துல காக்கா பிரியாணி சாப்பிட்டாலும் சாப்பிட்டார், பிரியாணின்னாலே நமக்கு என்ன மிருகம்ங்கிற கவலை மட்டும்தான். எத்தனை நாள் பழசுங்கிற கவலையே இல்லை.

இந்த டெஸ்ட் எப்படி வேலை செய்யுது?

இது தெரியாம இதைப் பத்திப் பேசறதுல அர்த்தமில்லை. அதனால கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கொரோனா காலத்துல மூக்குல குச்சியை விட்டு எடுத்தாங்களே ஆர்டி-பிசிஆர், அதுல வர்ற பிசிஆர்தான் இங்கேயும். கேரி முல்லிஸ் 1983ல கண்டுபிடிச்சது, 1993ல அதுக்காக நோபல் பரிசு வாங்கினார். அரிசி அளவு கறித்துண்டு போதும். அதைக் கரைச்சு டிஎன்ஏவைப் பிரிச்சு எடுக்கணும். சின்னக் குழாய்ல போட்டு 95 டிகிரிக்குச் சூடாக்கினா இரட்டை இழை ரெண்டாப் பிரியும். 50, 60 டிகிரிக்கு இறக்கினா பிரைமர் என்கிற சின்னத் துணுக்கு தனக்குப் பொருத்தமான இடத்துல போய் ஒட்டிக்கும். 72 டிகிரியில ஒரு நொதி அங்கேர்ந்து நகலெடுக்கும். ஒரு சுத்துக்கு ரெண்டு மடங்கு. 30 சுத்து சுத்தினா, ஒண்ணு 107 கோடி ஆகும். கணக்குல சந்தேகம்னா கால்குலேட்டர்ல 2ஐ முப்பது தடவை பெருக்கிப் பாருங்க.

எதை நகலெடுக்கிறது? பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிற ஒரு துண்டு. ஒரு செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல இருக்கும். அதனாலதான் குக்கர்ல நாலு விசில் விட்ட கறியிலயும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுல சைட்டோகுரோம் பி என்று ஒரு மரபணு. ஆடு, மாடு, எருமை, பன்றி, நாய் எல்லாத்துக்கும் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுலயும் எழுத்துக்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதுல ஒரு முந்நூத்தம்பது எழுத்துத் துண்டை நகலெடுத்து, குறிப்பிட்ட எழுத்து வரிசையில மட்டும் வெட்டுற கத்திரி நொதியைப் போட்டா, ஆட்டுக்கு ஒரு மாதிரி துண்டுகள், மாட்டுக்கு வேற மாதிரி துண்டுகள். கடல்பாசியிலேர்ந்து எடுக்கிற அகரோஸ் ஜெல்லுல மின்சாரம் பாய்ச்சினா சின்னத் துண்டு வேகமா ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். கோடு கோடா விழும். அதைப் படிக்கணும். இல்லைன்னா எழுத்துக்களையே வரிசையாப் படிச்சுக் கொடுக்கிற கம்பெனிக்கு அனுப்பிட்டு, ஜென்பேங்க் என்கிற பொதுக் களஞ்சியத்துல ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம். அது எல்லாருக்கும் இலவசம்.

இதுல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. அமெரிக்காவுல ஓபன்பிசிஆர் என்று நாமே திருப்புளி வெச்சு மாட்டிக்கிற பிசிஆர் பெட்டியை 2011 வாக்குல 512 டாலருக்கு வித்தாங்க. 2010ல நியூயார்க்ல ஜென்ஸ்பேஸ் என்று பொதுமக்களுக்கான உயிரியல் கூடமே திறந்தாங்க. நம்ம ஊர்ல பயோடெக் பாடம் இருக்கிற கல்லூரிகள்ல இந்த மெஷின் உறை போட்டு தூங்கிக்கிட்டு இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிராக்டிகலுக்கு எழுப்புவாங்க.

முதல் கேள்வி கேட்டவர்கள்

2008ல நியூயார்க்ல ரெண்டு பள்ளி மாணவிகள் ஒரு வேலை பண்ணினாங்க. மன்ஹாட்டன்ல 4 ஓட்டல், 10 கடைகள்லேர்ந்து 60 மீன் மாதிரிகளைக் காசு கொடுத்து வாங்கி, சாராயத்துல ஊற வெச்சு, கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாங்க. டிஎன்ஏ பார்கோடு முறை வளர்ந்ததே அங்கேதான். கிட்டத்தட்ட நாலுல ஒரு மீன், எழுதியிருந்த மீன் இல்லை. விலை உசந்த மீன் பேர்ல விலை குறைஞ்ச மீன். பள்ளிக்கூடப் பொண்ணுங்க! உணவுத்துறை அதிகாரி இல்லை, விஞ்ஞானி இல்லை. கவனிங்க, மாதிரியை அவங்களே வாங்கினாங்க. அடுத்தவன் தட்டுலேர்ந்து எடுக்கலை.

2013 ஜனவரியில அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட முடிவு உலகத்தையே உலுக்கிச்சு. 27 மாட்டுக்கறி பர்கர்களைச் சோதிச்சதுல 10ல குதிரை டிஎன்ஏ, 23ல பன்றி டிஎன்ஏ. டெஸ்கோ கடையில வித்த ஒரு பர்கர்ல மாட்டுக்கறி அளவோட ஒப்பிட்டா 29 சதவீதம் குதிரை. அடுத்த மாசமே ஐரோப்பா முழுக்க அலமாரியிலேர்ந்து பாக்கெட் பாக்கெட்டா எடுத்தாங்க. அதே 2013 பிப்ரவரியில, பிரிட்டன் சிறைகள்ல முஸ்லிம் கைதிகளுக்கு ஹலால் என்று கொடுத்த உணவுலயே பன்றி டிஎன்ஏ அடையாளம் இருந்தது வெளிய வந்தது.

சிறையில இருக்கிறவன் வேற கடைக்குப் போக முடியுமா? கொடுத்ததைத்தான் தின்னணும். அவன் நம்பிக்கையைக் காப்பாத்தினது அந்த டெஸ்ட். இதுதான் இந்த வித்தையோட யோக்கியமான வேலை. நம்ம ஊருக்கும் இது பொருந்தும். மட்டன் விலை மாட்டுக்கறி விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. அந்த இடைவெளியில கலப்படம் பண்ண எவனுக்கும் ஆசை வரும். மாட்டுக்கறி சாப்பிடாத ஒருத்தருக்கு மட்டன்னு சொல்லி அதைப் போட்டா அது திருட்டு மட்டுமில்லை, துரோகம். அந்த ஆளுக்கு "நான் வாங்கினது என்ன?" என்று கேட்கிற உரிமை இருக்கு. அதுல எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

ரெண்டாவது கேள்வி கேட்டவர்கள்

2015 செப்டம்பர் 28. உத்தரப் பிரதேசம், தாத்ரி பக்கத்துல பிசாடா கிராமம். கோயில் ஒலிபெருக்கியில ஒரு அறிவிப்பு. கூட்டம் முகமது அக்லாக் வீட்டுக்குள்ள புகுந்து அவரை அடிச்சே கொன்னுது. மகனுக்குப் படுகாயம். *அப்புறம்* கறியை லேபுக்கு அனுப்பினாங்க. முதல் கால்நடை மருத்துவ அறிக்கை ஆட்டுக்கறி என்றது. 2016ல வெளிய வந்த மதுரா ஆய்வக அறிக்கை பசு இனம் என்றது. அதை வெச்சு, கொல்லப்பட்டவர் குடும்பத்து மேலயே 2016 ஜூலையில வழக்குப் பதிவாச்சு.

எது சரியான அறிக்கைன்னு சண்டை போட எனக்கு விருப்பமே இல்லை. அந்தச் சண்டைக்குள்ள இறங்கினாலே நாம தோத்தோம். ஆடுன்னு வந்திருந்தா கொலை அநியாயம், மாடுன்னு வந்தா கொஞ்சம் நியாயமா? ஒரு மனுஷன் உசிருக்கு ஜெல்லுல விழற கோடா தீர்ப்பு சொல்லணும்?

2016 செப்டம்பர்ல, பக்ரீத்துக்கு முன்னாடி, ஹரியானா மேவாத் பகுதியில ரோட்டோரப் பிரியாணிக் கடைகள்ல போலீஸ் மாதிரி எடுத்து ஹிஸார் பல்கலைக்கழக லேபுக்கு அனுப்பினாங்க. எந்த வாடிக்கையாளராவது "ஏமாந்துட்டேன்" என்று புகார் கொடுத்ததாலயா? அதில்லை. சாப்பிடறவங்க, சமைக்கிறவங்க எல்லாரும் யாருன்னு தெரிஞ்சுதான் அனுப்பினாங்க. 2017ல மகாராஷ்டிராவுல, அரை மணி நேரத்துல மாட்டுக்கறியான்னு சொல்ற பெட்டியைப் போலீஸுக்குக் கொடுக்கப் போறதா செய்தி வந்தது. நல்லாக் கவனிங்க, காய்ச்சல் வந்த ஏழைக்கு அரை மணி நேரத்துல ரிசல்ட் கொடுக்கிற அவசரம் யாருக்கும் இல்லை. அடுத்தவன் டிபன் பாக்ஸுக்கு மட்டும் அவ்வளவு அவசரம்.

ஒரே விஞ்ஞானம்தான். மன்ஹாட்டன்ல மாணவி கையில இருந்தப்ப அது தராசு. இங்கே அது லத்தி. எழும்பூர்ல என்ன நடந்ததுன்னு இப்ப திரும்பிப் பாருங்க. வெளியில "வாங்கினவன் ஏமாந்துடக் கூடாது" என்கிற அக்கறை. உள்ளே "இவங்க எதையும் பண்ணுவாங்க" என்கிற நினைப்பு. முதல் கேள்விக்கு வேஷம் போட்ட ரெண்டாவது கேள்வி.

"பாய்க்கு வக்காலத்தா?"

இந்தப் பின்னூட்டம் வரும்னு தெரியும், இப்பவே பதில் சொல்லிடறேன். கலப்படம் பண்றவன் பாயா இருந்தாலும் நாயுடுவா இருந்தாலும் நாடாரா இருந்தாலும் நானே முதல் ஆளாப் போய் நிப்பேன். ஆனா கையில டெஸ்ட் இருக்கணும், வாயில வதந்தி இருக்கக் கூடாது.

"அப்ப நிபுணர்கள் பார்த்துக்கட்டும், அமெச்சூர் ஆட்கள் ஒதுங்கட்டும்" என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. நிபுணர்கள் தானா வந்து பார்த்தது எத்தனை தடவை? நியூயார்க்ல ரெண்டு பொண்ணுங்க போய்க் கேட்காத வரைக்கும் யாரும் அந்தக் கடைகளைப் பார்க்கலையே. உரிமையைப் பூட்டி வெச்சா, வதந்திக்குத்தான் சாவி கிடைக்கும்.

நம்ம சட்டமே இதை ஒத்துக்குது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40. உணவை *வாங்கினவர்* கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட சோதிக்கக் கொடுக்கலாம். அப்படிச் சோதிக்கப் போறேன்னு வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட சொல்லணும். தப்புன்னு முடிவு வந்தா கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாருங்க, என்ன அழகான சட்டம்! ஒளிவு மறைவு இல்லை. முகத்துக்கு நேரா சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போகணும். வீடியோ எடுத்து ஓடற வேலை கிடையாது. ஆனா இப்படி ஒரு பிரிவு இருக்கிறதே நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெச்சூர் அண்ணாச்சிகளுக்கு அஞ்சு விஷயம்

உண்மையிலேயே பண்ணிப் பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு. கல்லூரி லேப்ல வாத்தியார் கையைக் காலைப் பிடிச்சாவது பண்ணுங்க. ஆனா...

1. நீங்க காசு கொடுத்து வாங்கினதை மட்டும் சோதிங்க. பில் வாங்குங்க. பக்கத்து வீட்டுச் சட்டி உங்க ஆராய்ச்சிப் பொருள் இல்லை.

2. ஒருத்தர் வாங்கணும், நம்பர் மட்டும் போட்டு இன்னொருத்தர்கிட்ட கொடுக்கணும். சோதிக்கிறவருக்கு எது எந்தக் கடைன்னு தெரியவே கூடாது. தெரிஞ்சா, கோடு விழறதுக்கு முன்னாடியே கண்ணு கோடு போட்டுடும்.

3. வெறும் தண்ணி ஊத்தின குழாய் ஒண்ணு, நிச்சயமா ஆடுன்னு தெரிஞ்ச கறி ஒண்ணு, நிச்சயமா மாடுன்னு தெரிஞ்சது ஒண்ணு கூடவே ஓட்டணும். தண்ணிக் குழாய்ல கோடு விழுந்தா அன்னிக்குப் பண்ணின அத்தனையும் குப்பை. ஒண்ணை 107 கோடியாப் பெருக்கிற மெஷின், உங்க தப்பையும் 107 கோடியாப் பெருக்கும். ஒரே கத்தி, ஒரே கட்டை, ஒரே கொத்துக்கறி மெஷின்ல மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியும் வெட்டினாலே அடையாளம் வரும். அடையாளம் வேற, கலப்படம் வேற. அயர்லாந்துலயே, அந்த 23 பர்கர்ல பெரும்பாலானதுல பன்றி டிஎன்ஏ ரொம்பக் கொஞ்சம்தான்.

4. பசுவா எருமையான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியாத டெஸ்டை வெச்சு "மாடு" என்று வாயைத் திறக்காதீங்க. பல மாநிலங்கள்ல ஒண்ணு வியாபாரம், இன்னொண்ணு ஜெயில். நீங்க தப்பாப் படிக்கிற ஒரு கோடு ஒருத்தன் தலையில விடியும்.

5. ஒரே ஒரு முடிவை வெச்சு ஊரைக் கூட்டாதீங்க. மிச்சக் கறியை ஃப்ரீசர்ல வைங்க. வேற கை, வேற நாள், மறுபடி. அப்பவும் அதே முடிவுன்னா, முதல்ல கடைக்காரர்கிட்ட பேசுங்க. கறி எங்கே வாங்கினார்னு கேளுங்க, ஏமாந்தது அவராகவும் இருக்கலாம். அப்புறம் உணவுப் பாதுகாப்புத் துறை. வாட்ஸப் அந்த வரிசையிலயே கிடையாது.

இவ்வளவும் பண்ணினாலும் அந்த டெஸ்ட் ஒண்ணே ஒண்ணைத்தான் சொல்லும். இது என்ன மிருகம். அவ்வளவுதான். கறி கெட்டதா நல்லதா, ஆரோக்கியமான ஆடா செத்த ஆடா, வித்தவன் நல்லவனா கெட்டவனா, தின்னவன் நம்மாளா வேத்தாளா... எதையும் சொல்லாது. அதுகிட்ட இதையெல்லாம் கேட்கிறவன் விஞ்ஞானம் பேசலை, விஞ்ஞானத்தை வெச்சு வேற ஏதோ பேசறான்.

ஏதாவது ஒரு கல்லூரி, மாசத்துல ஒரு சனிக்கிழமை மெஷினோட உறையைக் கழட்டி, "நீங்க வாங்கின கறியைக் கொண்டு வாங்க, பில்லோட வாங்க" என்று ஒரு போர்டு வெச்சா போதும். பசங்களுக்கும் பிராக்டிகல் ஆச்சு. கடைக்காரரும் "எங்க கடைக்கறி சோதிச்சதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதிப் போட்டுக்குவார். நல்ல கடைக்காரனுக்கு இதைவிட பெரிய காவல் கிடையாது.

அடுத்த தடவை அண்டா வீடியோ வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இந்தக் கறியை வாங்கினது யாரு? அந்த ஆள் வாயிலேர்ந்து ஒரு வார்த்தையாவது வீடியோவுல இருக்கா? இல்லைன்னா அது கறியைப் பத்தின வீடியோ இல்லைங்க. மனுஷங்களைப் பத்தினது. அழிச்சுடுங்க.

டிஸ்கி: இந்தப் பதிவர் சைவமா அசைவமா என்று கேட்டு வர்ற பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டாது. பதிவைத் திரும்ப முதல்லேர்ந்து படிக்கவும் :-)